சைகோன் அலுவலகமும் ஷாந்தோ வகுப்பறையும்

பீட்டர் ஆர்னெட் 2007இல் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் உள்ள ஷாந்தோ பல்கலைக்கழகத்தில் இதழியல் ஆசிரியராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 72. அதற்கு முன் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வெளிநாட்டு நிருபராகவே வாழ்ந்தவர். வியட்நாம் போரை 13 ஆண்டுகள் எழுதியவர், பாக்தாத் மேல் குண்டு விழுந்த இரவை உலகத்துக்கு நேரலையில் சொன்னவர், புலிட்சர் பரிசு பெற்றவர், இரண்டு முறை பெரிய சர்ச்சையில் சிக்கி வேலையை இழந்தவர். போர்முனையிலிருந்து வகுப்பறைக்கு வந்த நிருபர்கள் பலர் உண்டு. ஆர்னெட்டின் வாழ்க்கையைத் தனியாக எடுத்துப் பார்க்கக் காரணம், அவர் எந்த இதழியல் கல்லூரியிலும் படித்ததில்லை. போர்க்கள வேலையைக் கற்றதெல்லாம் வியட்நாமின் சைகோனில் ஒரு செய்தி அலுவலகத்தில், பக்கத்து மேசையில் இருந்தவர்களிடம். ஒரு நிருபர் வகுப்பறையில் எதைக் கொடுக்க முடியும் என்ற கேள்விக்கு அந்த அலுவலகத்திலிருந்துதான் பதில் தேட வேண்டும்.

நியூசிலாந்தின் தெற்குத் தீவு முடியும் இடத்தில் ரிவர்டன் என்ற சிற்றூர். ஆர்னெட் அங்கே 1934 நவம்பர் 13 அன்று பிறந்தார். பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு, இளம் வயதிலேயே இன்வர்கார்கில் நகரின் சவுத்லாந்து டைம்ஸ் நாளிதழில் வேலைக்குப் போனார். அந்தக் காலத்து நியூசிலாந்து இளைஞன் பெரிய பத்திரிகையில் எழுத ஆசைப்பட்டால் லண்டனுக்குத்தான் கப்பல் ஏற வேண்டும். அவரும் ஏறினார். வழியில் தாய்லாந்தில் இறங்கியவர், அந்த நாடு பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார். பாங்காக் வேர்ல்ட் என்ற ஆங்கில நாளிதழில் வேலை கிடைத்தது. பிறகு அதன் துணை இதழை நடத்த லாவோஸின் தலைநகர் வியந்தியானுக்குப் போனார். லண்டன் பயணம் அப்படியே கைவிடப்பட்டது.

வியந்தியானில் அவர் ஏ.பி. என்று சுருக்கமாக வழங்கும் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்துக்கும் செய்தி அனுப்பி வந்தார். 1960 ஆகஸ்டில் கொங் லே என்ற இளம் ராணுவத் தளபதி திடீரென ஆட்சியைக் கைப்பற்றினார். தந்தி அலுவலகம் மூடப்பட்டது, எல்லை அடைக்கப்பட்டது. ஊரெல்லாம் செய்தி இருக்கிறது, வெளியே அனுப்ப வழியில்லை. வியந்தியான் மெக்காங் ஆற்றின் கரையில் இருக்கிறது, எதிர்க்கரை தாய்லாந்து. ஆர்னெட் தட்டச்சு செய்த செய்தித் தாள்களையும், பாஸ்போர்ட்டையும், சில பத்து டாலர் நோட்டுகளையும் பல்லில் கடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கி நீந்தினார். மழைக்காலத்து மெக்காங் சின்ன ஆறு அல்ல. அக்கரை சேர்ந்து, அங்கே தந்தி கொடுத்து, செய்தியைச் சேர்ப்பித்தார். இந்தக் கதை ஆர்னெட்டைப் பற்றி எழுதும் எல்லோரும் சொல்லும் கதை. சாகசமாகவே அதைச் சொல்கிறார்கள். அதில் தொழில் பாடம் ஒன்றும் இருக்கிறது: செய்தி நிறுவன நிருபருக்குக் கண்டுபிடிப்பது பாதி வேலை, சேர்ப்பிப்பது மீதி வேலை. எழுதி முடித்த செய்தி டெஸ்க்குக்குப் போய்ச் சேராவிட்டால் அந்த நாளின் உழைப்புக்குப் பொருளே இல்லை. இணையம் வந்த பிறகு வளர்ந்த மாணவர்களுக்கு இந்த மீதி வேலை கண்ணிலேயே படுவதில்லை.

ஏ.பி. அவரை முழுநேர நிருபராக எடுத்து இந்தோனேசியாவுக்கு அனுப்பியது. நாட்டின் பொருளாதாரம் சீர்குலைந்து கிடப்பதை எழுதினார். ஓராண்டுக்குள் அரசு அவரை வெளியேற்றியது. 1962இல் சைகோன்.

சைகோன் தமிழர்களுக்கு முற்றிலும் அயலான ஊர் அல்ல. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வட்டித் தொழிலுக்கும் வணிகத்துக்கும் போன தமிழர்கள் அங்கே வாழ்ந்தார்கள். அவர்கள் வழிபட்ட மாரியம்மன் கோயில் இன்றும் நகரின் நடுவில் இருக்கிறது. அந்த ஊரில்தான் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவ ஆலோசகர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். போர் நடக்கிறது என்று அமெரிக்க அரசு வெளிப்படையாக ஒப்புக்கொள்ளாத காலம். ஏ.பி. அலுவலகத்தில் மால்கம் பிரவுன் தலைமை நிருபர். ஜெர்மானியரான ஹோர்ஸ்ட் ஃபாஸ் படப்பிரிவைப் பார்த்தார். மூன்றாமவர் ஆர்னெட்.

இந்தச் சிறிய அலுவலகம் வெளிநாட்டுச் செய்தி வரலாற்றில் தனியிடம் பெற்றது. பிரவுனுக்கு 1964இல் புலிட்சர், ஃபாஸுக்கு 1965இல், ஆர்னெட்டுக்கு 1966இல். மூன்று பேருக்கும் அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே பரிசு கிடைத்ததைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. திறமைசாலிகள் சேர்ந்ததால் மட்டும் இது நடக்கவில்லை. அங்கே ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் இருந்தது.

அதற்குச் சான்று பிரவுன் தட்டச்சு செய்து வைத்திருந்த ஒரு சிறு கையேடு. வியட்நாமில் செய்தி சேகரிக்க வரும் புதியவர்களுக்காக எழுதப்பட்டது. படையோடு போகும்போது மருத்துவ உதவியாளர் பக்கத்திலும் வானொலிக் கருவி சுமப்பவர் பக்கத்திலும் நிற்காதே, எதிரி முதலில் குறி வைப்பது அவர்களைத்தான். வெடிச் சத்தம் கேட்டால் எங்கிருந்து வருகிறது என்று தலையைத் தூக்கிப் பார்க்காதே, அடுத்த குண்டு உனக்காக இருக்கலாம். குப்புறப் படு, நகர வேண்டுமென்றால் வயிற்றால் நகர். இத்தகைய அறிவுரைகள்தான் தன்னை அடுத்த நாற்பது ஆண்டு உயிரோடு வைத்திருந்தன என்று ஆர்னெட் பிற்காலத்தில் பிரவுனுக்கு நன்றி சொன்னார்.

கையேடு உயிர் பிழைக்கும் வழியோடு நிற்கவில்லை. அதிகாரிகள் கொடுக்கும் எண்ணிக்கையை நம்பி எழுதாதே, இறந்தவர்கள் எத்தனை என்பதை இயன்றவரை நீயே எண்ணிப் பார் என்பதும் அதில் உண்டு. கடினமான கட்டளை. எண்ண வேண்டுமென்றால் அந்த இடத்துக்குப் போக வேண்டும், உடல்களுக்கு நடுவே நடக்க வேண்டும். ஆனால் சைகோனில் மாலைதோறும் நடந்த ராணுவச் செய்தியாளர் சந்திப்பில் கிடைத்த கணக்குகள் எத்தகையவை என்பது ஊரறிந்தது. நிருபர்களே அந்தச் சந்திப்பை ‘ஐந்து மணிக் கூத்து’ என்றுதான் அழைத்தார்கள். அந்தக் கணக்கைக் கேட்டு எழுதியவர்களின் செய்தியும், வயலுக்குப் போய் எண்ணியவர்களின் செய்தியும் ஒரே நாளில் வெவ்வேறு போர்களைப் பற்றியவை போல வெளிவந்தன. இதழியல் கல்லூரிகளின் பாடநூல்கள் பல நூறு பக்கங்களில் சொல்ல முயல்வதை அந்தக் கையேடு சில பக்கங்களில் சொல்லிவிட்டது என்றால் மிகையல்ல.

பிரவுன் சொன்னதைச் செய்தும் காட்டினார். 1963 ஜூன் 11 அன்று திக் குவாங் டுக் என்ற புத்த பிக்கு சைகோன் சாலைச் சந்திப்பில் தீக்குளித்தபோது, அந்தப் படத்தை எடுத்தவர் அவர். முக்கியமான ஏதோ நடக்கும் என்று பிக்குகள் வெளிநாட்டு நிருபர்கள் பலருக்கும் சொல்லியிருந்தார்கள். பல வாரங்களாக அப்படியே சொல்லி வந்ததால் பெரும்பாலானவர்கள் அலுத்துப்போயிருந்தார்கள். பிரவுன் அதிகாலையில் கேமராவோடு போய் நின்றார். உலகின் மனசாட்சியை உலுக்கிய அந்தப் படம், அலுப்பை மீறிப் போனவருக்குக் கிடைத்தது. அடுத்த மாதம் பௌத்தர்களின் ஊர்வலம் ஒன்றில் ரகசியப் போலீஸார் ஆர்னெட்டைக் கீழே தள்ளி உதைத்தார்கள். நியூயார்க் டைம்ஸின் டேவிட் ஹால்பர்ஸ்டாம் தன் பெரிய உருவத்தோடு குறுக்கே பாய்ந்து அவரைக் காப்பாற்றினார். போட்டிப் பத்திரிகைக்காரர்களாக இருந்தும் அவர்கள் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆர்னெட் காட்டுக்கும் வயலுக்கும் திரும்பத் திரும்பப் போனார். அவர் எழுத்தின் தன்மையைப் புரிந்துகொள்ள ஒரு நிகழ்ச்சி போதும். 1966 ஜனவரி, சைகோனுக்கு வடமேற்கே கூச்சி பகுதி. ஜார்ஜ் ஐஸ்டர் என்ற பட்டாலியன் தளபதியோடு ஆர்னெட் காட்டுப் பாதையில் நின்றிருந்தார். தளபதி வரைபடத்தை விரித்துப் பார்த்தார். நான்கு வெடிச் சத்தம். குண்டுகள் வரைபடத்தைத் துளைத்து அவர் மார்பில் பாய்ந்தன. ஆர்னெட்டின் முகத்துக்கும் அந்த வரைபடத்துக்கும் இடையே சில அங்குலம்தான். தளபதி அவர் காலடியில் சரிந்தார், பின்னர் உயிர் பிரிந்தது.

ஆர்னெட் எழுதிய இரங்கல் செய்தி அன்றைய அமெரிக்கப் பத்திரிகைகளில் பரவலாக வந்தது. ஜெனரல் ஒருவரின் மகன், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்தவர், ஒரு பட்டாலியனின் தலைவர். அவர் சாதாரணச் சிப்பாயைப் போல இறந்தார் என்று அது தொடங்கியது. அங்கே நின்ற ஐந்து பேரில் மறைந்திருந்து சுட்டவன் அவரை ஏன் தேர்ந்தெடுத்தான், சட்டைக் கழுத்திலிருந்த பதவிச் சின்னமா, கையில் இருந்த வரைபடமா, வெறும் விதியா என்று கேட்டது. பக்கத்தில் நின்றவனால் மட்டுமே எழுதக்கூடிய செய்தி இது. ஆனாலும் எழுதியவர் தன் பயத்தைப் பற்றி அதில் ஒன்றும் சொல்லவில்லை. செய்தி முழுதும் இறந்தவருக்கே உரியதாக இருந்தது. ‘நான்’ என்று தொடங்கும் செய்திகள் மலிந்த இந்த நாளில், இளம் நிருபர்கள் அந்தச் சில வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும்.

இப்படி எழுதியவர் அதிகாரத்துக்குப் பிடித்தவராக இருக்க முடியாது. அதிபர் லிண்டன் ஜான்சனின் வெள்ளை மாளிகைக்கு அவர் மேல் எரிச்சல் இருந்தது. அவர் அமெரிக்கரே அல்ல, நியூசிலாந்துக்காரர் என்பதையும் குறையாகச் சொன்னார்கள். ஏ.பி.யின் தலைவர் வெஸ் கலகர் அவரைக் கைவிடவில்லை. களத்தில் நிருபர் எவ்வளவு துணிந்தாலும், தலைமையகத்தில் ஒருவர் அவருக்காக நிற்கவில்லை என்றால் செய்தி அச்சேறாது. பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைக்க வேண்டும்.

அவர் எழுதியவற்றிலேயே அதிகம் பேசப்பட்டதும் அதிகம் சந்தேகிக்கப்பட்டதும் ஒரே வாக்கியம். 1968 பிப்ரவரி 7 தேதியிட்ட செய்தி. வியட்நாமியரின் டெட் புத்தாண்டில் கம்யூனிஸ்ட் படைகள் தொடங்கிய தாக்குதலின்போது மெக்காங் கழிமுகத்தின் பென் ட்ரே நகரம் குண்டு வீச்சில் நொறுங்கியிருந்தது. நகரத்தைக் காப்பாற்றுவதற்காக அதை அழிக்க வேண்டியதாயிற்று என்று அமெரிக்க மேஜர் ஒருவர் சொன்னதாக அவர் எழுதினார். மேஜரின் பெயர் இல்லை. அந்தப் போரின் பொருளின்மையை இத்தனை சுருக்கமாகச் சொன்ன வேறு வாக்கியம் இல்லை என்பதால் அது உலகெங்கும் பரவியது. பரவப் பரவ உருமாறியது. நகரம் கிராமமாயிற்று, மேஜர் வேறு பதவிக்காரர் ஆனார், பென் ட்ரே என்ற பெயரே பல இடங்களில் உதிர்ந்துபோயிற்று. அப்படி யாரும் சொல்லவில்லை என்று வாதிட்டவர்களும் உண்டு. ஆர்னெட் கடைசிவரை அந்த அதிகாரியின் பெயரை வெளியிடவில்லை.

இதழியல் வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. பெயர் சொல்லாமல் பேசியவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பது நிருபரின் கடமை. அதே சமயம், பெயரில்லாத மேற்கோள் வலிமை பெறப் பெற, அதை மெய்ப்பிக்கும் வழி எழுதியவரின் நேர்மை ஒன்றுதான் என்றாகிவிடுகிறது. அந்த நேர்மையை அவர் அதற்கு முந்தைய ஆறு ஆண்டுச் செய்திகளில் சம்பாதித்து வைத்திருந்தார். முதல் செய்தியிலேயே பெயரில்லாத மேற்கோளை நம்பும்படி வாசகரைக் கேட்பவருக்கு அந்தச் சம்பாத்தியம் இருக்காது.

1975 ஏப்ரல் 30 அன்று வட வியட்நாம் படையிடம் சைகோன் வீழ்ந்தபோது அவர் அங்கே இருந்தார். ஜார்ஜ் எஸ்பர், மாட் ஃபிரன்ஜோலா ஆகியோரும் வெளியேற மறுத்து உடன் தங்கினார்கள். ஈடன் கட்டடத்தில் இருந்த ஏ.பி. அலுவலகத்துக்குள் அன்று வட வியட்நாம் சிப்பாய்கள் இருவர் நுழைந்தார்கள். அலுவலகத்தில் இருந்தது கோகோ கோலாவும் பழைய கேக்கும். அதைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். சிப்பாய்கள் சுவரில் இருந்த வரைபடத்தில் தாங்கள் நகருக்குள் வந்த வழியைக் காட்டினார்கள். 13 ஆண்டுகளாக எதிர்ப்பக்கம் என்று மட்டும் எழுதப்பட்டவர்கள் மேசைக்கு எதிரே அமர்ந்து பேசினார்கள், அதுவும் செய்தியாகப் போனது. மாலையில் தொலைஅச்சுத் தொடர்பு அறுந்தது.

அதற்குச் சற்று முன்பு நியூயார்க் தலைமையகம் அவரிடம் அலுவலகத்தின் பழைய காகிதங்களை அழித்துவிடச் சொல்லியிருந்தது. அவர் அழிக்கவில்லை, பெட்டிகளில் கட்டி நியூயார்க்கில் இருந்த தன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். என்றாவது வரலாற்றுக்கு வேண்டியிருக்கும் என்பது அவர் எண்ணம். அந்தக் காகிதங்கள் இன்று ஏ.பி.யின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரு போர் நாள்தோறும் எப்படிச் செய்தியானது என்பதை இனி ஆராய்பவர்கள் அவற்றைக் கொண்டுதான் ஆராய வேண்டும். அவர் ஆசிரியராவதற்கு முப்பது ஆண்டு முன்பே மாணவர்களுக்குச் செய்த உதவி அது.

1981இல் ஆர்னெட் சி.என்.என். செய்தித் தொலைக்காட்சிக்கு மாறினார். அது முந்தைய ஆண்டுதான் தொடங்கப்பட்டிருந்தது. பத்தாண்டு கழித்து, வளைகுடாப் போர் தொடங்கிய 1991 ஜனவரி 17 அதிகாலை, ஈராக் தலைநகர் பாக்தாத்தின் அல் ரஷீத் ஹோட்டல் அறையிலிருந்து பெர்னார்ட் ஷா, ஜான் ஹாலிமன், ஆர்னெட் மூவரும் குண்டுவீச்சை நேரலையாக விவரித்தார்கள். நகரின் தொலைபேசி இணைப்பகம் தாக்கப்பட்ட பிறகும் அவர்கள் குரல் நிற்கவில்லை. இணைப்பகத்தைச் சாராத தனி ஒலிவழியை சி.என்.என். முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருந்தது. மெக்காங்கை நீந்திக் கடந்த காலத்துக் கவலை இங்கே பொறியியலாக மாறியிருந்தது. மற்ற இருவரும் சில நாளில் கிளம்ப, ஆர்னெட் தங்கிவிட்டார்.

ஈராக் தணிக்கையின் கீழ் வேலை செய்வதா, வெளியேறுவதா என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. குண்டு விழுந்த தொழிற்சாலை ஒன்றைக் குழந்தைகளுக்கான பால்மாவுத் தொழிற்சாலை என்று ஈராக் அழைத்துப் போய்க் காட்டியது. உயிரியல் ஆயுதக் கூடம் என்றது அமெரிக்க ராணுவம். ஆர்னெட் கண்ணில் பட்டதைச் சொன்னார். அமெரிக்க நாடாளுமன்றத்தில் அவரைக் கண்டித்துக் குரல் எழுந்தது. எதிரிக்கு அனுதாபி என்று சொன்ன செனட்டர் ஆலன் சிம்ப்சன், அந்தச் சொல்லுக்காகப் பின்னர் வருத்தம் தெரிவித்தார். பிப்ரவரி 13 அன்று பாக்தாத்தின் அமிரியா பதுங்குமிடத்தில் அமெரிக்கக் குண்டுவீச்சில் நானூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கருகி இறந்தபோது, அந்தக் கொடுமை உலகத்தின் கண்ணில் பட்டதற்கு அங்கே நிருபர்கள் தங்கியிருந்ததும் ஒரு காரணம்.

தணிக்கைக்கு உட்பட்ட செய்தி என்று திரையில் எழுதிக் காட்டி, அதன் எல்லையைச் சொல்லி, பார்த்ததைச் சொல்வது வெளியேறுவதைவிடப் பயனுள்ளது. ஆனால் நிருபர் தான் பார்த்த அறைக்கு மட்டுமே சாட்சி, பக்கத்து அறைக்கு அல்ல. இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்க பாக்தாத் தொழிற்சாலையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை.

1997இல் கிழக்கு ஆப்கானிஸ்தானின் மலைப்பகுதியில் ஒசாமா பின்லேடனைப் பேட்டி கண்டார். மேற்கத்தியத் தொலைக்காட்சிக்கு பின்லேடன் கொடுத்த தொடக்க காலப் பேட்டிகளில் அது ஒன்று.

அடுத்த ஆண்டு வந்தது சறுக்கல். 1970இல் லாவோஸில், கட்சி மாறி ஓடிய அமெரிக்கச் சிப்பாய்கள் மேல் சாரின் நச்சுவாயு பயன்படுத்தப்பட்டதாக சி.என்.என். 1998 ஜூனில் ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. ஆதாரம் போதாது என்று அடுத்த மாதமே அதைத் திரும்பப் பெற்றது. தயாரிப்பாளர்கள் வேலை இழந்தார்கள். நிகழ்ச்சிக்குக் குரலும் முகமும் கொடுத்தவர் ஆர்னெட். ஆய்வைச் செய்தது தான் அல்ல என்பது அவர் தரப்பு. 1999இல் அவர் சி.என்.என்.னை விட்டு விலகினார். நீயே போய் எண்ணிப் பார் என்ற பள்ளியில் வளர்ந்தவர், மற்றவர்கள் எண்ணித் தந்ததைப் படித்த இடத்தில் விழுந்தார் என்பது வேதனையானது. தொலைக்காட்சியின் வேலை முறையே இப்படி: தேடுபவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், முகம் இன்னொருவர். நம்பிக்கை முகத்தின் பேரில் வருகிறது, பழியும் அதன் பேரிலேயே விழுகிறது.

2003இல் அமெரிக்கா ஈராக் மேல் படையெடுத்தபோது மீண்டும் பாக்தாத். இம்முறை என்.பி.சி.க்கும் நேஷனல் ஜியாகிரபிக்கிற்கும். போர் நடந்துகொண்டிருக்கும்போதே ஈராக் அரசுத் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்து, அமெரிக்கப் படைகளின் முதல் போர்த் திட்டம் தோற்றுவிட்டது என்றார். மறுநாள் வேலை போயிற்று. அந்த மதிப்பீட்டில் உண்மை இருந்ததா என்பது ஒரு கேள்வி. போரிடும் ஒரு தரப்பின் அரசுத் தொலைக்காட்சியில் நிருபர் கருத்துச் சொல்லலாமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு, கூடாது என்பதே நியாயமான பதில். எனினும் ஒரு வாரத்துக்குள் வேறு நாட்டு நிறுவனங்கள் அவரை எடுத்துக்கொண்டன. பெரிய அமெரிக்க நிறுவனங்களின் கதவு மட்டும் அடைபட்டது.

நான்கு ஆண்டு கழித்து ஷாந்தோ. தென்கிழக்கு ஆசியாவெங்கும் குடியேறிய தியோசூ சீனர்களின் பூர்வீகப் பகுதியில் உள்ள துறைமுக நகரம் அது. அப்பகுதியில் பிறந்து ஹாங்காங்கில் பெருஞ்செல்வரான லீ கா-ஷிங்கின் கொடையால் 1981இல் அங்கே பல்கலைக்கழகம் எழுந்தது. அதன் இதழியல் பள்ளிக்குத் தலைமை ஏற்றவர் யிங் சான். நியூயார்க் டெய்லி நியூஸில் புலனாய்வு நிருபராக இருந்தவர், ஹாங்காங் பல்கலைக்கழகத்திலும் இதழியல் கல்வியைக் கட்டியெழுப்பியவர். வெளிநாட்டில் களத்தில் நின்றவர்களைச் சீன மாணவர்கள் முன் கொண்டுவந்து நிறுத்தும் முயற்சியில் ஆர்னெட் ஒருவர். ஏழு ஆண்டு அங்கே கற்பித்தார்.

ஊடகம் கட்சியின் வழிகாட்டலில் இயங்கும் நாட்டில் இந்த ஆசிரியர் என்ன சொல்லிக்கொடுக்க முடியும் என்று கேட்கலாம். ஆர்னெட்டின் வாழ்க்கையையே திரும்பிப் பார்த்தால், கட்டுப்பாடு இல்லாத இடத்தில் அவர் வேலை செய்த காலம் குறைவு. வியந்தியானில் மூடிய தந்தி அலுவலகம், இந்தோனேசியாவிலிருந்து வெளியேற்றம், சைகோனில் போலீஸ் உதை, பாக்தாத்தில் தணிக்கை அதிகாரி. அமெரிக்காவிலும் வெள்ளை மாளிகையின் எரிச்சல். எந்த ஆட்சியின் கீழும் நிருபரின் கையில் எஞ்சியிருக்கும் வேலை ஒன்று உண்டு: இடத்துக்குப் போவது, பார்த்ததைப் பார்த்தபடி குறிப்பது, பேசியவரின் பெயரையும் ஊரையும் வயதையும் சரியாக எழுதுவது, தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதாமல் இருப்பது. இதைக் கற்ற மாணவர் எங்கே வேலைக்குப் போனாலும் முழுப் பொய்யை எழுதுவது அவருக்குக் கடினமாகும். சிறிய பயன் என்று இதை ஒதுக்கக் கூடாது.

இதழியலைக் கல்லூரியில் கற்பிக்க முடியுமா என்ற வாதம் பழையது. ஜோசப் புலிட்சர் 1904இலேயே முடியும் என்று நீண்ட கட்டுரை எழுதி வாதாடினார். அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1912இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளி தொடங்கியது. பயிற்சி வேண்டியது அலுவலகத்தில்தான் என்ற பழைய ஆசிரியர்களின் எதிர்ப்பு இன்றுவரை ஓயவில்லை. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்த காலம், சைகோன் போன்ற அலுவலகங்கள் இருந்த காலம். புதியவரின் காப்பியை வாங்கி, எதிரே உட்கார வைத்து, வரிக்கு வரி கேள்வி கேட்டுத் திருத்தும் சீனியர் அப்போது இருந்தார். செய்தி நிறுவனங்கள் வெளிநாட்டு அலுவலகங்களைக் குறைத்து, ஆட்களையும் குறைத்த பிறகு அந்த எதிர் நாற்காலி காலியாகிவிட்டது. அதில் யாராவது உட்கார வேண்டும். அலுவலகத்தில் இல்லாவிட்டால் கல்லூரியிலாவது.

இதே பாதையில் வந்தவர்கள் வேறு சிலரும் உண்டு. ஏ.பி.யின் மத்திய கிழக்குத் தலைமை நிருபர் டெர்ரி ஆண்டர்சன் 1985 மார்ச்சில் பெய்ரூட்டில் கடத்தப்பட்டு, 1991 டிசம்பரில்தான் விடுதலையானார். பிறகு கொலம்பியா, ஒஹையோ, கென்டக்கி, ஃபுளோரிடா பல்கலைக்கழகங்களில் கற்பித்தார். சென்னையில் உள்ள ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தை நடத்தும் அறக்கட்டளையின் தலைவர் சசிகுமார், தி இந்து நாளிதழுக்காக பஹ்ரைனில் இருந்து மேற்கு ஆசியச் செய்திகளை எழுதியவர். அந்தக் கல்லூரி 2000இல் பெங்களூரிலிருந்து சென்னைக்கு வந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஆங்கிலப் பத்திரிகைகளுக்குப் போன இளைஞர் பலர் அங்கே படித்தவர்கள். தமிழ்ப் பத்திரிகைகளுக்கு வெளிநாட்டு நிருபர் என்ற பதவியே அரிது. வெளிநாட்டுச் செய்தி முகமைகளின் காப்பியை மொழிபெயர்த்துத்தான் பக்கம் நிரம்புகிறது. அந்தக் காப்பியை எழுதியவர் களத்தில் எப்படி வேலை செய்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டால், மொழிபெயர்க்கும் உதவி ஆசிரியர் எதை அப்படியே எடுக்கலாம், எதை ஐயத்தோடு பார்க்கலாம் என்று தீர்மானிக்க முடியும்.

ஆர்னெட் 2014இல் ஓய்வு பெற்று, வியட்நாமில் மணந்த மனைவி நினா நுயெனோடு கலிஃபோர்னியாவின் ஃபவுண்டன் வேலியில் குடியேறினார். 1994இலேயே தன் களவாழ்க்கையை விரிவான நினைவு நூலாக எழுதியிருந்தார். சைகோன் வீழ்ந்து நாற்பதாண்டு ஆன 2015இல், அந்தப் போரைப் பற்றி மட்டும் இன்னொரு சிறு நூலை வெளியிட்டார். தன்னோடு நின்ற பிரவுன், ஃபாஸ், எஸ்பர் மூவரும் 2012இல் அடுத்தடுத்து இறந்திருந்தார்கள். அந்த அலுவலகத்தை உள்ளிருந்து சொல்லும் வேலையை அவர் தொடர்ந்தார். 2025 டிசம்பர் 17 அன்று கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில், 91 வயதில் காலமானார்.